திறந்த வாசலும் எட்டாத வைத்தியமும்



நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் நோயாளியிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. வைத்தியரைப் பார்ப்பதற்கும், விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும், சத்திர சிகிச்சைக்கும் பணம் அறவிடப்படுவதில்லை. நம்மைவிடச் செல்வம் மிகுந்த பல நாடுகளில்கூட இத்தகைய வசதி இல்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, எல்லோரும் அந்த வாசலை வந்தடைகிறார்களா?

ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவருக்கு நீரிழிவு. காலில் சிறு காயம். நீண்ட கால நீரிழிவு நரம்புகளை மரத்துப் போகச் செய்வதால் அந்தக் காயம் அவருக்கு வலிப்பதில்லை. இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் அது ஆறுவதுமில்லை. கிளினிக் நாளோ வாரத்தின் நடுவில் வருகிறது. போனால் அன்றைய கூலி இல்லை. அவரது நாட்கூலி 2,500 ரூபா என்றும், போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் 1,000 ரூபா செலவாகும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த "இலவச" வைத்தியத்தின் விலை அவருக்கு 3,500 ரூபாவாகும். துணைக்கு வரும் மகனும் ஒரு நாள் வேலையை விட்டால் தொகை இன்னும் கூடும். ஆகவே "வலிக்கவில்லையே, அடுத்த மாதம் பார்ப்போம்" என்று அவர் தள்ளிப்போடுகிறார். காயம் சீழ் பிடித்து எலும்புவரை சென்ற பின்னர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அப்போது வைத்தியர் பேசுவது மருந்தைப் பற்றியன்று. விரலையோ காலையோ அகற்றுவதைப் பற்றி.

இந்த மனிதரின் கால் போனதற்குக் காரணம் வைத்தியசாலை இல்லாமையன்று. வைத்தியசாலைக்கும் அவருக்கும் இடையே இருந்த தூரம். அந்தத் தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் அளக்க முடியாது. பணம், நேரம், மொழி, கூச்சம், அறியாமை ஆகிய யாவும் சேர்ந்ததே அந்தத் தூரம். அதைக் குறைப்பது எவ்வாறு, அதில் நமது பங்கு என்ன என்பதையே இக்கட்டுரையில் ஆராயப்போகிறோம்.

வைத்தியம் மக்களைத் தேடி வந்த வரலாறு

இலங்கையின் சுகாதார வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஒரு படிப்பினை தெளிவாகக் கிடைக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராமல், வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதுவும் ஊருக்குள் இறங்கி வீடு வீடாகச் செல்லும் முறை அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. இன்று நமது பிரதேசங்களில் இயங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு வித்திட்டது அதுவே.

அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், 1934-35 காலப்பகுதியில், மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியது. மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் நுளம்புகள் பெருகின. ஏறக்குறைய 80,000 உயிர்கள் பலியாயின. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் கிராமங்களே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அக்காலத்தில் சூரிய மல் இயக்கத்தின் தொண்டர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அந்தப் பேரிழப்பின் பின்னரே கிராமப்புறங்களில் வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் அமைக்கும் பணி வேகம் பெற்றது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் அறவிடும் முறையும் நீக்கப்பட்டது.

இதன் பலனைத் தாய்மாரின் உயிரைக் கொண்டு அளக்கலாம். 1930களில் ஓர் இலட்சம் பிள்ளைப் பேறுகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இந்த நூற்றாண்டில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. பெரிய நகரங்களில் எழுந்த பெரிய கட்டடங்களால் மட்டும் இது நிகழ்ந்துவிடவில்லை. கர்ப்பிணியின் வீட்டுப் படலையைத் தேடிச் சென்று கதவைத் தட்டிய குடும்பநல உத்தியோகத்தராலும் நிகழ்ந்தது. நமது ஊர்களில் "மிட்வைப்" என்று அழைக்கப்படும் அந்தச் சகோதரி, எந்த வீட்டில் யார் கர்ப்பமுற்றிருக்கிறார், எவர் கிளினிக்குக்கு வரவில்லை என்பதைப் பதிவேட்டில் குறித்து வைத்துத் தேடிச் செல்கிறார். கிளினிக்குக்கு வராத தாயை மறந்துவிடாமல் தேடிச் சென்றதே இந்நாட்டின் வெற்றியின் இரகசியம்.

இந்த எண்ணம் நவீன காலத்தில் மட்டும் தோன்றியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்பாஸிய கலீபா முக்ததிரின் காலத்தில், நோய்கள் பெருகிய ஓர் ஆண்டிலே வஸீர் அலீ இப்னு ஈஸா, பக்தாத் வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பாக இருந்த வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு இரண்டு பணிப்புரைகளை எழுதினார். ஒன்று, சிறைச்சாலைகளில் அடைபட்டிருப்போரை வைத்தியர்கள் நாள்தோறும் சென்று பார்க்க வேண்டும் என்பது. மற்றையது, வைத்தியர் இல்லாத கிராமங்களுக்கு மருந்துகளுடன் வைத்தியர்களை அனுப்பி, தேவைப்படும் காலம்வரை அங்கே தங்கச் செய்ய வேண்டும் என்பது. 1284இல் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் நிறுவிய வைத்தியசாலை செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லோருக்கும் வக்பு வருமானத்தைக் கொண்டு சிகிச்சையளித்தது. வர இயலாதவனை நோக்கி நாமே செல்ல வேண்டும் என்பதை அம்மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

இன்றைய தடைகள்

அப்படியாயின் இன்று தடையாக நிற்பவை எவை? ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, தூரமும் கூலியும். சிறு வைத்தியசாலைகள் நாடெங்கும் உள்ளன. ஆனால் விசேட வைத்திய நிபுணர்களும் உயர்ந்த கருவிகளும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கின்றன. புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். 2016ஆம் ஆண்டு அந்த வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் ஒன்றைப் பெற்றுக்கொடுப்பதற்காகக் கதீஜா பவுண்டேஷன் முன்னெடுத்த முயற்சியில், இனமத பேதமின்றி மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் இருபது கோடி ரூபாவைத் தாண்டியது. பாராட்டத்தக்க பணி அது. எனினும், பொத்துவிலிலிருந்து மஹரகமவுக்கு வரும் நோயாளி முந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் பயணம் செய்ய வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று; வாரக்கணக்கில் நீடிப்பது. எங்கே தங்குவது? துணையாக வந்தவர் எங்கே உண்பது? வீட்டில் பிள்ளைகளை யார் பார்ப்பது? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத காரணத்தால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோரும் உண்டு. இயந்திரத்துக்குக் கோடி கொடுத்த சமூகம், அதனிடம் வந்து சேர வேண்டிய நோயாளிக்குப் பஸ் கட்டணம் கொடுக்கவும் நினைவு வைத்திருக்க வேண்டும்.

இத்தடை நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று. மலையகத் தோட்டங்களைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பாய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதமாக இருந்தது. கொழுந்து பறிக்கும் தாய் கிளினிக்குக்குச் சென்றால் அன்றைய சம்பளம் போய்விடுகிறது. லயத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கி வருவதே ஒரு பயணம். ஒரே நாட்டில், ஒரே இலவச வைத்தியத்தின் கீழ் வாழும் பிள்ளைகளிடையே இத்துணை வேறுபாடு இருக்கிறதென்றால், சட்டத்தால் கிடைத்த உரிமை கைக்கு எட்டவில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, மொழி. தன் நோயைச் சொல்லத் தெரியாதவருக்கு வைத்தியம் செய்வது கடினம். நெஞ்சு எரிகிறதா, நெஞ்சை இறுக்குகிறதா என்பது இரு வேறு நோய்களைக் குறிக்கலாம். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னரா, பின்னரா என்பதைத் தவறாக விளங்கிக்கொண்டால் மருந்தே தீங்காகலாம். தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய் சிங்களம் மட்டும் அறிந்த வைத்தியர் முன் அமர்ந்திருக்க, பன்னிரண்டு வயது மகன் மொழிபெயர்க்கும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். தனது மாதவிலக்குக் கோளாற்றையோ மார்பிலுள்ள கட்டியையோ அந்தத் தாய் மகனிடம் எப்படிச் சொல்வாள்? "தலைவலி" என்று சொல்லிவிட்டு, தலைவலி மாத்திரையுடன் வீடு திரும்புகிறாள்.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தச் சட்டம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகையால் தமிழில் விளக்கம் கேட்பது ஒரு நோயாளியின் உரிமையாகும். இதன் அருமையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்த ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். ஊர் மக்களின் நோயைத் தீர்க்க வேண்டுமாயின் வைத்தியர்கள் அம்மக்களின் மொழியிலேயே கற்க வேண்டும் என்று முடிவு செய்து, தாமே தமிழ் பயின்று, மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாகப் பயிற்றினார். அந்நிய நாட்டவர் ஒருவர் நமது மொழியைக் கற்று இத்தனையும் செய்தார். நமது ஊரில் இரு மொழியும் அறிந்த இளைஞர்கள் இருந்தும் ஒரு நோயாளியுடன் அரை நாள் செலவிட நம்மால் இயலாதா?

மூன்றாவது, கூச்சம். நமது பெண்களில் பலர் ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கி நோயை மறைக்கின்றனர். வெட்கம் உயர்ந்த பண்பே. ஆயினும் அது உயிரைப் பறிக்கும் காரணமாகிவிடக் கூடாது. இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். அதன் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததாலேயே அலட்சியம் செய்யப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயோ பல ஆண்டுகளாக மெல்ல வளர்வது. முற்கூட்டியே பரிசோதித்தால் புற்றுநோயாக மாறுவதற்கு முன்னரே தடுத்துவிடலாம். இதற்கென்றே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கி வருகின்றன. 35 வயதையடைந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகிய பரிசோதனைகள் அங்கே இலவசமாகச் செய்யப்படுகின்றன. அங்கு பணிபுரிவோரில் பெண்களே அதிகம். பெண் வைத்தியர் இருக்கும் நாளைக் கேட்டறிந்து செல்லலாம். பெண் தாதி உடனிருக்க வேண்டும் என்று கோரலாம். பெண் வைத்தியர் கிடைக்காத நிலையில், தேவையின் நிமித்தம் ஆண் வைத்தியரிடம் சிகிச்சை பெற மார்க்கம் இடமளிப்பதை உலமாக்கள் தெளிவுபடுத்தியே இருக்கிறார்கள். கணவன்மார்களே! உங்கள் மனைவி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக் நாளைக் கேட்டறிந்து நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, வெளியே வாங்கும் மருந்தும் பரிசோதனையும். வைத்தியசாலையில் மருந்து தீர்ந்துவிட்டால் சீட்டு எழுதி வெளியே வாங்கச் சொல்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இது எத்தனை குடும்பங்களை வருத்தியது என்பதை நாம் அறிவோம். நமது மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருவதால், டொலர் இல்லாத நாளில் மருந்தும் இல்லாமற் போயிற்று. இலவச வைத்தியம் நிலவும் இந்நாட்டில் சுகாதாரத்துக்காகச் செலவாகும் மொத்தப் பணத்தில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தப் பையிலிருந்தே செல்கிறது.

இங்கே பேராசிரியர் சேனக பிபிலேயின் பணியை நாம் அறிந்திருக்க வேண்டும். ஒரே மருந்து வெவ்வேறு வணிகப் பெயர்களில் வெவ்வேறு விலைகளில் விற்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, இன்றியமையாத மருந்துகளைப் பொதுப் பெயரில் மலிவாக இறக்குமதி செய்ய வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். அக்கூட்டுத்தாபனத்தின் கடைகளே "ஒசுசல" என்ற பெயரில் இயங்குபவை. ஆகவே மருந்துச் சீட்டுடன் கடைக்குச் செல்லும்போது, "இதே மருந்து பொதுப் பெயரில் குறைந்த விலையில் உண்டா?" என்று கேளுங்கள். அக்கேள்வி ஒரு மாதச் செலவையே குறைத்துவிடக்கூடும். கேட்பதில் வெட்கமில்லை.

ஐந்தாவது, அறியாமை. உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துபவர், பக்கவாதம் வந்த பின்னர்தான் மாத்திரையின் அருமையை உணர்கிறார். வளர்ந்தோரில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு அந்நோய் நம் நாட்டில் பரவியிருக்கிறது. நோன்பு காலத்தில் சிலர் எவரையும் கேளாமல் இன்சுலினை நிறுத்துகின்றனர். வேறு சிலர் வழக்கமான அளவையே எடுத்துக்கொண்டு நோன்பிருந்து, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுகின்றனர். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது நாம் அறிந்ததே. நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளி ரமழானுக்கு ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைச் சந்தித்து, நோன்பிருக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும்.

ஒரு நாள் முகாம் போதுமா?

சகோதரர்களே! நமது ஊர்களில் சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் இலவச மருத்துவ முகாம்களை நடத்துகின்றன. நல்ல எண்ணத்துடன் செய்யப்படும் பணி அது. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். முகாமில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டுபிடிக்கிறோம், பத்து நாட்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம், புகைப்படம் எடுக்கிறோம், பந்தலைக் கழற்றுகிறோம். பதினோராம் நாள் அவர் என்ன செய்வார்? நீரிழிவும் குருதியழுத்தமும் பத்து நாளில் தீரும் நோய்களல்ல. ஆயுள் முழுவதும் கவனிக்கப்பட வேண்டியவை. முகாமில் கண்டறியப்பட்டவரைக் கிளினிக்கில் பதிவு செய்து, முதன்முறை உடன் அழைத்துச் சென்று, மூன்று மாதம் கழித்தும் அவர் போகிறாரா என்று விசாரித்தால்தான் முகாமின் நோக்கம் நிறைவேறும். ஒரு நாளில் ஐந்நூறு பேரைப் பார்ப்பதைவிட, ஐம்பது பேரை ஓராண்டு முழுவதும் கைவிடாமல் பார்ப்பது மேலான பணியாகும்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்ய வேண்டியவை பல. வைத்தியர் வெற்றிடங்களை நிரப்புவது, மருந்துத் தட்டுப்பாட்டை நீக்குவது, மொழிபெயர்ப்பாளர்களை நியமிப்பது ஆகியவற்றை நாம் உரிய இடங்களில் தொடர்ந்து கோர வேண்டும். ஆனால் அதுவரை காத்திராமல், ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தோ ஒரு மாதர் சங்கமோ தன் கையாலேயே செய்யத்தக்க பணிகளும் உண்டு.

ஒன்று: யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று அறியுங்கள். மிட்வைப் சகோதரி வைத்திருக்கும் பதிவேட்டைப் போல, நமது மஹல்லாவில் தனித்து வாழும் முதியவர், விதவை, மாற்றுத்திறனாளி, நீண்டகால நோயாளி ஆகியோரின் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். இப்பட்டியலை நம்பிக்கைக்குரிய ஓரிருவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். ஒருவரது நோய் பற்றிய செய்தி ஓர் அமானிதம். அது தெருவில் பேசப்படுமானால், அடுத்தவர் தன் நோயைச் சொல்லவே மாட்டார்.

இரண்டு: பயணத்துக்கு வழி செய்யுங்கள். கிளினிக் நாளில் ஒரு வேன் பத்துப் பேரை ஏற்றிச் சென்று திரும்பினால், ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டோ பிடிக்கும் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். ஸகாத் பெறத் தகுதியுள்ள வறிய நோயாளிக்கு ஸகாத் நிதியிலிருந்தும், ஏனையோருக்கு ஸதகா நிதியிலிருந்தும் உதவலாம். தொலைதூரச் சிகிச்சைக்குச் செல்பவருக்குத் தங்குமிடம் தேடிக் கொடுப்பதும் இதில் அடங்கும். அவசர வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இந்த இலக்கத்தை உங்கள் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் எழுதி வையுங்கள்.

மூன்று: துணையாட்களை உருவாக்குங்கள். இரு மொழியும் அறிந்த ஆண்கள் சிலரும் பெண்கள் சிலரும் முன்வந்தால் போதும். நோயாளியுடன் சென்று, அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி, வைத்தியர் சொன்னதை நோயாளிக்கு விளங்கவைத்து, மருந்தின் அளவைத் தமிழில் உறையின் மேல் எழுதிக் கொடுப்பதே அவர்களது பணி. கிளினிக் கொப்பி, பழைய அறிக்கைகள், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல நினைவூட்டுவதும் அவர்களது பொறுப்பு. கொப்பி இல்லாமல் சென்றால் பரிசோதனைகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடலாம்.

நான்கு: அருகிலிருப்பதைப் பயன்படுத்துங்கள். "பெரிய ஆஸ்பத்திரி மருந்துதான் நல்லது" என்ற எண்ணத்தில் பலர் தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு அலைகின்றனர். சாதாரண நீரிழிவு, குருதியழுத்த மாத்திரைகள் பிரதேச வைத்தியசாலைகளிலும் கிடைக்கின்றன. நோய் கட்டுப்பாட்டில் இருக்குமானால், தொடர்ச்சியான மருந்தை ஊரிலேயே பெற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். 2020இல் ஊரடங்கு அமுலிலிருந்தபோது கிளினிக் நோயாளிகளின் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டதை மறந்துவிட வேண்டாம். மனம் வைத்தால் மருந்து வீட்டு வாசலுக்கே வரும் என்பதை அந்நாட்கள் மெய்ப்பித்தன.

ஐந்து: சுகாதாரப் பணியாளர்களுடன் கைகோருங்கள். சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, "எங்கள் பகுதியில் எந்தப் பரிசோதனைக்கு மக்கள் வருவது குறைவாக உள்ளது?" என்று கேளுங்கள். 35 வயதைத் தாண்டியோருக்கு நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையம் எங்கே, எந்த நாளில் இயங்குகிறது என்பதை விசாரித்து, ஜும்ஆவின் பின்னர் அறிவித்தல் செய்யுங்கள். ஆறாந்தர மாணவியருக்குப் பாடசாலையில் வழங்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோருக்கு வீண் ஐயம் இருப்பின், வைத்தியர் ஒருவரையே அழைத்துப் பேசச் செய்யுங்கள். குறை இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். ஆனால் நூறு நோயாளிகளை ஒரே காலையில் பார்க்கும் வைத்தியரிடமும் இரவு முழுவதும் விழித்திருந்த தாதியிடமும் கண்ணியமாகப் பேசுங்கள். அவர்களது மனம் நொந்தால் அதன் விளைவு அடுத்து வரும் ஏழை நோயாளியையே சென்றடையும்.

அன்பிற்குரியவர்களே! இப்பணியில் நம்மவர், பிறர் என்ற கோடு வேண்டாம். நமது வேனில் ஓர் இருக்கை காலியாக இருந்தால், பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தாய்க்கோ தமிழ் முதியவருக்கோ அது உரியதாகட்டும். காய்ச்சலும் புற்றுநோயும் ஒருவரது மதத்தைக் கேட்டு வருவதில்லை.

களுத்துறையில் 1926இல் வீடு வீடாகச் சென்றவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர், சிறிய உத்தியோகத்தர்கள். கிளினிக்குக்கு வராதவரைத் தேடிச் சென்றார்கள். அதனால் பல்லாயிரம் தாய்மார் பிழைத்தார்கள். அதே பணியின் ஒரு பகுதி இன்று நம்மை நோக்கி நிற்கிறது. உங்கள் தெருவில் கடந்த மாதம் கிளினிக்குக்குப் போகாதவர் ஒருவரேனும் இருப்பார். இந்த வாரம் அவரது வீட்டுக்குச் சென்று, ஏன் போகவில்லை என்று அன்புடன் கேளுங்கள். பஸ் கட்டணமா, கூலியா, மொழியா, கூச்சமா, துணை இல்லாமையா என்று அவர் சொல்லும் காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். அவற்றில் எதுவாயினும் அதைத் தீர்ப்பதற்கு ஒரு ஊரால் முடியும். அடுத்த கிளினிக் நாளில் அவருடன் நீங்களும் போங்கள்.

அல்லாஹ் நோயுற்றோர் யாவருக்கும் சுகத்தையும், அவர்களுக்குத் துணை நிற்கும் மனத்தை நமக்கும் அருள்வானாக.